டெக்சாஸுக்குப் புதுசா? துப்பாக்கிக் கடைக்குப் போகும் முன்

ஊரில் துப்பாக்கியைப் போலீஸ்காரர் தோளில் பார்த்ததோடு சரி. லைசென்ஸ் வைத்திருக்கும் மிராசுதார்கூடத் தேர்தல் வந்தால் அதை ஸ்டேஷனில் கொண்டுபோய் ஒப்படைக்க வேண்டும். டாலஸ் பக்கம் வந்து இறங்கினால், முடிவெட்டும் கடைக்குப் பக்கத்துக் கடையே துப்பாக்கிக் கடையாக இருக்கும். ஆபீஸ் நண்பர் ஒரு சனிக்கிழமை "சும்மா வா, பார்த்துட்டு வரலாம்" என்பார். தாராளமாகப் போங்கள். கையில் எந்த விசா இருக்கிறது என்பது மட்டும் நினைவில் இருக்கட்டும்.

கவுண்டர் ஓரமாகப் பத்து நிமிடம் நின்றாலே வருபவர்களுக்கு என்ன வேண்டும் என்று தெரிந்துவிடும். நான் போன நாட்களில் புதுத் துப்பாக்கி கேட்டவர்களைவிடத் தோட்டா கேட்டவர்களே அதிகம். "9 எம்எம் வந்துச்சா? 50 இருக்கிற பெட்டி என்ன விலை?" கைத்துப்பாக்கித் தோட்டாவின் அளவு அது. இதுதான் முதல் கேள்வி. பிள்ளைக்குக் குறிபார்க்கக் கற்றுக்கொடுக்கும் அப்பாக்கள் .22 என்ற சின்னத் தோட்டா கேட்பார்கள். விலை குறைவு, தோளையும் இடிக்காது. 2020இல் தட்டுப்பாடு வந்தபோது பல கடைகளில் ரேஷன் மாதிரி ஆளுக்கு ஒன்றிரண்டு பெட்டிதான் கொடுத்தார்கள். அந்தப் பயம் இன்னும் தெளியவில்லை. கண்ணில் பட்டால் தேவையோ இல்லையோ அள்ளிக்கொண்டு போகிறவர்களைப் பார்க்கலாம்.

கடைக்காரர் பருவத்தையும் பார்த்துச் சரக்கு எடுக்க வேண்டும். புறா வேட்டை செப்டம்பர் 1 அன்று தொடங்குவதால், ஆகஸ்டிலேயே 12 கேஜ், 20 கேஜ் சிதறுகுண்டுத் தோட்டா அடுக்கியிருக்க வேண்டும். மான் வேட்டை தொடங்குவது நவம்பரின் முதல் சனிக்கிழமை. அதற்கு முன்பு .308, .270, 6.5 கிரீட்மோர் போன்ற ரைஃபிள் தோட்டாக்கள் இல்லை என்று கைவிரிக்கும் கடைக்கு மறுபடி யாரும் வரமாட்டார்கள். இடதுகைக்காரர்களுக்கு ஒரு நிரந்தரக் குறை உண்டு: இடுப்பு உறை எல்லாமே வலதுகைக்குத்தான் தொங்கும். வயதானவர்கள் நேராகப் பழைய துப்பாக்கி அடுக்குக்குப் போய்விடுவார்கள். தாத்தா வைத்திருந்த அதே மாடல் கிடைக்காதா என்ற ஆசை. பித்தளைப் பாத்திரக் கடையில் நம் பெரியவர்கள் தட்டித் தட்டிப் பார்ப்பது போலத்தான் இதுவும்.

இதில் எது உங்களுக்கு? எச்-1பி, எச்-4, எல்-1, எஃப்-1 என்று குடியேற்றம் அல்லாத எந்த விசாவில் வந்திருந்தாலும், துப்பாக்கி மட்டுமல்ல, தோட்டா வைத்திருப்பதும் மத்தியச் சட்டப்படி குற்றம். 15 ஆண்டுவரை சிறை. சுடும் கூடத்தில் வாடகைக்கு வாங்கிச் சுட்டாலும் கணக்கு அதேதான். காதுக்கவசம், தொப்பி, பூட்டுப்பெட்டி வாங்குங்கள். தோட்டா அடுக்கை விட்டு விலகி நில்லுங்கள்.

விலக்குகளில் நமக்குப் பயன்படக்கூடியது ஒன்று: செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ். டெக்சாஸில் 1971 செப்டம்பர் 2 முதல் பிறந்தவர்கள் அதற்கான பயிற்சி வகுப்பை முடித்திருக்க வேண்டும் என்பது விதி. இங்கே ஒரு குழி இருக்கிறது. தனியார் நிலத்தில் காட்டுப்பன்றி சுட 2019 முதல் மாநிலம் லைசென்ஸ் கேட்பதில்லை. நண்பர் "பன்றிக்கு லைசென்ஸே வேணாம்" என்பார். அவர் சொல்வது அவர் வரைக்கும் உண்மை. உங்களுக்கு அந்த லைசென்ஸ்தான் மத்தியச் சட்டத்திலிருந்து காப்பு. அது இல்லாமல் அவர் துப்பாக்கியைக் கையில் வாங்காதீர்கள்.

"கிரீன் கார்டு இருக்கிற மச்சான் பேர்ல வாங்கிக்கலாமே" என்று ஒருவராவது சொல்வார். சிம் கார்டு இல்லை இது. வாங்குபவர் நிரப்பும் 4473 படிவத்தில், இது உனக்காகத்தான் வாங்குகிறாயா என்றே கேட்டிருக்கும். பொய் சொன்னால் மச்சானும் மாட்டுவார்.

கிரீன் கார்டு வந்தபின் வாங்கலாம். கடையில் ரைஃபிள் போன்ற நீளத் துப்பாக்கிக்கு 18 வயது, கைத்துப்பாக்கிக்கு 21. அடையாள அட்டையில் இப்போதைய முகவரி இருக்க வேண்டும். அபார்ட்மென்ட் மாறிவிட்டு அட்டையை மாற்றாமல் போய்த் திரும்பி வருகிறவர்கள் நம்மில் அதிகம்.

நீங்கள் வாங்கவே போவதில்லை என்றாலும் ஒன்று செய்யுங்கள். குழந்தையை நண்பன் வீட்டுக்கு விளையாட அனுப்பும்போது, அங்கே துப்பாக்கி பூட்டி வைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும். நாய் கடிக்குமா என்று கேட்கும் அதே குரலில் கேட்டுவிடுங்கள். 17 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளை எடுக்கும்படி தோட்டா நிரப்பிய துப்பாக்கியை அஜாக்கிரதையாக விட்டுவைத்தால் டெக்சாஸ் சட்டத்திலும் குற்றம்.

கடைசியாக, ஊருக்குக் கிளம்பும்போது நண்பரிடம் இரவல் வாங்கிய பையாக இருந்தால் ஒவ்வொரு ஜிப்பையும் திறந்து உதறுங்கள். மறந்துபோன ஒரேயொரு தோட்டா கிடந்தாலும் சென்னை விமான நிலையத்தில் ஆயுதச் சட்டப்படி வழக்கு வரலாம். பை யாருடையது என்று அங்கே நின்று விளக்கிக்கொண்டிருக்க வேண்டிவரும்.