கியூஇமு நிரலில் பிழை அறிவிப்பு மாற்றங்களைச் சரிபார்க்கும் முறை

கணினியை மென்பொருளாகவே பாவனை செய்யும் கியூஇமுவில் (QEMU) பிழை அறிவிப்பைத் திருத்தும் பேட்ச் (நிரல் மாற்றம்) ஒன்று கைக்கு வந்தால், செய்தியின் சொற்களைப் படிப்பதற்கு முன், பிழை எந்த வழியாக மேலே செல்கிறது என்பதைப் பின்தொடர வேண்டும். பிழையைப் பதிய வேண்டிய இடத்தைக் காட்டும் 'எர்ர்பி' (errp) என்னும் சுட்டியைப் பெறும் ஃபங்ஷன், தோல்வியை அதில் பதிந்து திரும்ப வேண்டுமே தவிர, தானே திரையில் அச்சிடக் கூடாது. பதிந்த பிழையின் மேல் இன்னொன்றைப் பதிந்தால் அசெர்ட் என்னும் உள்சோதனை தவறி நிரலே நின்றுவிடும்.

இயங்குதளத்தின் பிழை எண்ணோடு பிழையைப் பதியும் 'எர்ரர்_செட்ஜி_எர்ர்நோ' (error_setg_errno) வரும் வரிகளில் நான் முதலில் பார்ப்பது கழித்தல் குறியைத்தான். அந்த ஃபங்ஷன் நேர்ம எண்ணையே எதிர்பார்க்கிறது. கோப்பு இல்லை என்பதற்கான பிழை எண் 2; -2 என்று திரும்பிய மதிப்பை அப்படியே கொடுத்தால், கோப்பு இல்லை என்பதற்குப் பதிலாக, அறியாத பிழை என்ற பயனற்ற செய்தியே கிடைக்கும்.

'எர்ரர்_அப்பெண்ட்_ஹிண்ட்' (error_append_hint) மூலம் பிழையோடு குறிப்புச் சேர்க்கும் ஃபங்ஷனின் தொடக்கத்தில் 'எர்ர்பி_கார்ட்' (ERRP_GUARD) மேக்ரோ இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாமல், அழைப்பவர், பிழை பதிந்தவுடன் நிரலை முடிக்கச் சொல்லும் 'எர்ரர்_ஃபேட்டல்' (error_fatal) கொடுத்திருந்தால், குறிப்புச் சேரும் முன்பே நிரல் வெளியேறிவிடும். (குறிப்பு அல்லாத) பிழைச் செய்தியின் இறுதியில் முற்றுப்புள்ளியோ புதுவரிக் குறியோ வேண்டாம். கடைசியாக, இல்லாத டிஸ்க் கோப்பின் பெயரைக் கொடுத்து இயக்கி, வரும் செய்தியில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.