முதுகில் கருவி வைக்கலாமா: சரி சொல்வதற்கு முன் பார்க்க வேண்டியவை

மன்னார்குடியில் பிசியோதெரபி பார்க்கிறேன். டிஸ்க் ஆபரேஷன் முடிந்தும் கால் இழுப்பு விடாதவர்கள், "முதுகுல கரண்ட் பெட்டி வைக்கலாம்ங்கிறாங்க, வைக்கலாமாம்மா?" என்று கேட்பது இப்போது சகஜம். என் தாய்மாமாவுக்கும் இதே கேள்வி வந்தது. அவருக்கு நான் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அதன் பெயர் ஸ்பைனல் கார்ட் ஸ்டிமுலேட்டர். தண்டுவட உறைக்கு வெளியே மெல்லிய ஒயரும், புட்டத்துக்கு மேலே தோலுக்கடியில் ஒரு பேட்டரியும் வைப்பார்கள். மூளைக்குப் போகிற வலியைச் சின்ன மின்துடிப்பு மட்டுப்படுத்தும். 1967-ல் அமெரிக்காவில் நார்மன் ஷீலி என்ற மருத்துவர் முதலில் பொருத்தினார். தேய்ந்த ஜவ்வை இது சரிசெய்யாது. வலியைக் குறைத்துக் காட்டும், அவ்வளவுதான்.

முதலில் உங்கள் வலி எந்த வகை என்று பாருங்கள். இடுப்பிலிருந்து கால்வரை எரிச்சல், சுண்டி இழுத்தல், மதமதப்பு என்றால் அது நரம்பு வலி. கருவி பெரும்பாலும் இதற்குத்தான். குனிந்தால், நெடுநேரம் நின்றால் மட்டும் இடுப்பு கடுக்கிறது என்றால் அவசரப்படாதீர்கள். பயிற்சியையே இன்னும் ஒழுங்காகச் செய்து பார்க்காதவர்கள் நிறையப் பேர். சிறுநீர் அடைத்தாலோ, கட்டுப்பாடில்லாமல் போனாலோ, உட்காரும் இடம் மரத்தாலோ இந்த யோசனையெல்லாம் வேண்டாம். அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

மருத்துவரிடம் ஆராய்ச்சி பற்றியும் கூச்சப்படாமல் கேளுங்கள். 2022-ல் நார்வேயில் முதுகு ஆபரேஷனுக்குப் பிறகும் கால் வலி நீடித்த 50 பேருக்குக் கருவி பொருத்தி, இயக்கியும் இயக்காமலும் மாறி மாறிப் பார்த்தார்கள். அன்றாடச் சிரமத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. பல ஆராய்ச்சிகளைச் சேர்த்துப் பார்க்கிற காக்ரேன் அமைப்பு 2023-ல் வெளியிட்ட தொகுப்பும், இடுப்பு வலிக்குப் போலி சிகிச்சையைவிட (ஒப்பிட்டுப் பார்க்க, கொடுப்பதுபோல் மட்டும் காட்டுவது) இது மேலானது என்று காட்டவில்லை. பலன் கிடைத்தது என்று சொல்கிற நோயாளிகளும் இருக்கிறார்கள். "என் மாதிரி ஆளுக்கு உங்கள் கையால் எத்தனை பேருக்கு வைத்தீர்கள், ஒரு வருஷம் கழித்து எப்படி இருக்கிறார்கள்?" என்று கேட்டுவிடுங்கள். இந்தக் கேள்விக்கு எரிச்சல்படுபவரிடம் முதுகைக் கொடுக்க வேண்டாம்.

அப்புறம் சோதனைக் காலம். நிரந்தரமாக வைப்பதற்கு முன் ஊசி வழியாக ஒயரை மட்டும் செலுத்தி, பேட்டரியை இடுப்பில் வெளியே கட்டி, ஒரு வாரம் போல வீட்டுக்கு அனுப்புவார்கள். வலி பாதிக்காவது குறைந்தால்தான் அடுத்த கட்டம். முடிவு உண்மையில் இந்த வாரத்தில்தான் இருக்கிறது. ஆனால் நம் ஆட்கள் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தவர் என்று கட்டிலில் படுக்க வைத்து விடுகிறார்கள். படுத்திருந்தால் வலி எப்படியும் குறையும்! குனியாமல், முறுக்காமல், பாரம் தூக்காமல் எதைச் செய்யலாம் என்று கேட்டுக்கொண்டு, அதையெல்லாம் செய்யுங்கள்.

சோதனைக்கு முன்பே மாமாவை ஒரு நோட்டில் மூன்று வேலை எழுதச் சொன்னேன்: வாய்க்கால் மதகுவரை நிற்காமல் நடப்பது, டீக்கடை பெஞ்சில் பேப்பர் படித்து முடிக்கும்வரை உட்காருவது, இரவில் எழாமல் தூங்குவது. தினமும் அத்தை அதில் குறித்தார். மாமா சொல்லி அத்தை எழுதவில்லை, பார்த்து எழுதினார். அதுதான் முக்கியம். மதகுவரை போனார், பெஞ்சில் மட்டும் பாதியிலேயே எழுந்துவிட்டார். கால் எரிச்சல் நன்றாகக் குறைந்தது, இடுப்புக் கடுப்பு அப்படியே இருந்தது. தூக்கம் வந்தால் போதும் என்று காலுக்காகவே வைத்துக்கொண்டார். இடுப்பும் சேர்ந்து சரியாகும் என்று நம்பிப் போயிருந்தால் ஏமாந்திருப்பார்.

பேட்டரியில் இரண்டு வகை. சார்ஜ் போடாதது சில வருஷங்களில் தீரும், மாற்ற மறுபடி கத்தி. சார்ஜ் போடுவது நெடுநாள் வரும், ஆனால் மறக்காமல் போட வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பிறகு நம் பக்கத்துக் கிராமங்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை என்பதை நினைத்துக்கொண்டு தேர்ந்தெடுங்கள். செலவு பல லட்சம். காப்பீட்டில் எது வரும், பேட்டரி மாற்றுவதும் வருமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். ஒயர் நகர்வது, சீழ் பிடிப்பது இரண்டும் நடக்கக்கூடியவை. சர்க்கரை உள்ளவர்கள் அதைக் கட்டுக்குள் கொண்டுவந்த பிறகே தேதி வாங்க வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள் அதை முன்கூட்டியே சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

பொருத்தியபின் ஆறு முதல் எட்டு வாரம் குனிந்து நிமிர்கிற வேலை ஆகாது. விவசாய வீடுகளில் சம்பா அறுவடை முடிந்து, மேட்டூர் தண்ணீர் வருவதற்குள் வைத்துக்கொள்வது தோது.

கடைசியாக, என் தொழில் சார்ந்த ஒன்று. கருவி வைத்தவர்கள் டயதெர்மி, அதாவது மின் அலையால் உடம்புக்குள் சூடு ஏற்றுகிற சிகிச்சை, எடுக்கவே கூடாது. ஒயர் சூடாகி நரம்பையே கருக்கிவிடும். "ஹீட் வச்சா சரியாயிடும்" என்று எந்த கிளினிக்கில் படுக்கச் சொன்னாலும், எம்ஆர்ஐ எடுக்கப் போனாலும், முதலில் கருவியின் அடையாள அட்டையை நீட்டுங்கள்.