பாம்பன் பக்கம் மீன் சாப்பாட்டுக் கடையைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

பாம்பன், மண்டபம் பகுதியில் ஒரே கடையை ஒருவர் வாயாரப் புகழ்வதும் மற்றொருவர் குறை கூறுவதும் உண்டு. அவர்கள் எந்த மாதத்தில் சாப்பிட்டார்கள் என்று முதலில் கேளுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்குத் தடை இருப்பதால், நாட்டுப்படகு மீன் கிடைக்காத கடைகள் அப்போது ஐஸில் வைத்த மீனையே நம்பியிருக்கும்.

பொரிப்பதற்கு முன் மீனைக் காட்டச் சொல்லுங்கள். செவுள் சிவந்து, கண் தெளிந்து புடைத்து, விரலால் அழுத்திய சதை உடனே மேலெழுந்தால் தயங்காமல் வாங்கலாம். சீலா போன்ற பெரிய மீன் துண்டுகளாகவே வரும் என்பதால், அதை முகர்ந்துதான் அறிய வேண்டும். மீனைக் காட்ட மறுக்கும் கடையில், எவ்வளவு பசித்தாலும், நான் உட்காருவதில்லை. நண்டு, இறால் விலையை மட்டும் முன்னதாகவே கேட்டுக்கொள்ளுங்கள்.