ரெண்டு நூலும் 6 எம்.எம்.மும் ஒன்றல்ல

கடலூர் மஞ்சக்குப்பத்தில் என் வீட்டுக் கொட்டகைக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் சில தம்பிகள் ரவுட்டர், அதாவது மரத்தில் ஓரமும் பள்ளமும் எடுக்கிற மிஷின், பழக வருகிறார்கள். கண்ணாடி போட வேண்டும், பிட் (மரத்தை வெட்டும் முனை) மாற்றும்போது பிளக்கைப் பிடுங்க வேண்டும் என்பதெல்லாம் அவர்களுக்கே தெரியும். நான் சொல்ல வருவது, தெரியாமலே செய்கிற தவறுகளை. பாதி நான் செய்தவை.

காலெட்டுக்குப் பொருந்தாத பிட்

போன வாரம் ஒருவர் புது பிட் செட்டோடு வந்தார். ட்ரிம்மரில் (சின்ன ரவுட்டர்) பிட்டின் தண்டைக் கவ்விப் பிடிக்கிற காலெட் கால் இஞ்ச், பிட்டின் தண்டு 6 எம்.எம். "ரெண்டும் ஒண்ணுதான்னு கடையில சொன்னாங்கண்ணா" என்றார். இதைக் கேட்டாலே எனக்குக் கோபம் வருகிறது.

பிளைவுட் கடையில் 6 எம்.எம். ஷீட்டை ரெண்டு நூல் என்றுதான் கேட்கிறோம். ஷீட்டுக்குச் சரி, காலெட்டுக்கு ஆகாது. ரெண்டு நூல் என்றால் கால் இஞ்ச், அதாவது 6.35 எம்.எம். நட்டை இறுக்கினால் பிட் கையோடு வராது, பிடித்துவிட்டது என்றே தோன்றும். ஆனால் தண்டை முழு நீளத்துக்கும் பிடிக்காமல் காலெட் ஒரு இடத்தில் மட்டும் கவ்வியிருக்கும். நிமிடத்துக்கு 30,000 சுற்றில் மரம் எதிர்க்கும்போது பிட் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே நழுவும். அந்தச் சத்தத்தில் ஒன்றும் தெரியாது.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயலில் பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் சாய்ந்து கிடந்தன. மாமனார் தோப்பில் விழுந்த ஒரு பலாவை அறுத்து, ஊஞ்சலுக்கென்று ஒரு பலகையை எனக்குக் கொடுத்தார். வருடக்கணக்கில் நிழலில் காயவைத்தேன். பித்தளைப் பட்டை பதிக்க, இதேபோலப் பொருந்தாத பிட்டை மாட்டி, ஓரத்தில் 4 எம்.எம். ஆழத்துக்குக் காடி (நீளப் பள்ளம்) எடுத்தேன். முடித்து ஸ்கேலை விட்டுப் பார்த்தால் தொடக்கத்தில் 4, கடைசியில் 11. அந்தப் பலகை இன்னும் பரணில் கிடக்கிறது.

அதனால் தண்டின் கனத்தை வெர்னியரில் (நுட்பமாக அளக்கும் கருவி) அளந்துவிட்டு மாட்டுங்கள். அடிவரை தள்ளி, 2 எம்.எம். பின்னால் இழுத்து இறுக்குங்கள். அடி முட்டிக்கொண்டிருந்தால் காலெட் சரியாக இறுகாது. தண்டு காலெட்டைவிட்டு வெளிவரும் இடத்தில் மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். முதல் ஓட்டம் முடிந்ததும் பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பாருங்கள். கோடு கீழே இறங்கியிருந்தால் பிட் நழுவுகிறது. நம் ஊர் உப்புக்காற்றில் காலெட்டின் உள்பக்கமும் துருப்பிடிக்கும், அதையும் துடைத்து வையுங்கள்.

அந்தத் தம்பியை 6 எம்.எம். காலெட் வாங்கிவரச் சொல்லி அனுப்பினேன். அதுவரை மிஷினைத் தொடவிடவில்லை.

தள்ளும் திசை

மேலிருந்து பார்த்தால் பிட் கடிகாரமுள் போலச் சுற்றும். பலகையின் வெளி ஓரத்தில் அதற்கு எதிர்த்திசையில் போக வேண்டும். சட்டத்தின் உள் ஓரத்தில் கடிகாரமுள் திசையில். மாற்றித் தள்ளினால் மிஷின் கையை இழுத்துக்கொண்டு ஓடும்.

ஒரே ஓட்டத்தில் முழு ஆழம்

வேண்டாம். 12 எம்.எம். என்றால் நாலு ஓட்டம்.

பெரிய பிட்டுக்கு முழு வேகம்

பிட் அகலமாக ஆக, வேகத்தைக் குறையுங்கள்.

நீள ஓரத்தை முதலில் ஓட்டுவது

குறுக்கு முனையை முதலில் முடியுங்கள். மூலையில் சிதறினாலும் அப்புறம் நீள ஓரம் ஓட்டும்போது அது போய்விடும்.