ஆப்பைப் பிடுங்கும் முன்

முயல்தோலைப் பலகையில் மாட்டிக் காயவைக்கிறவர்கள் பலர், எல்லாம் நன்றாகக் காய்ந்து முடிந்த நாளில்தான் அதைக் கெடுக்கிறார்கள். நானும் அப்படித்தான். தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த் பகுதியில் வீட்டுக்குப் பின்னால் வளர்த்த முயலின் முதல் தோலில், இறுகிப்போன ஆப்பை ஸ்க்ரூடிரைவரால் நெம்பினேன். வயிற்றுப் பக்கம் சர்ரென்று கிழிந்தது. "குரங்கு ஆப்பைப் பிடுங்கின கதையாப் போச்சேடா" என்றார் பக்கத்து வீட்டுத் தாத்தா.

முடி உள்ளே, சதைப்பக்கம் வெளியே என்று உறைபோல மாட்டிய தோல், காயக் காயச் சுருங்கிப் பலகையைக் கவ்விக்கொள்ளும். அதனால்தான் வயிற்றுக்கும் பலகைக்கும் நடுவே ஓர் ஆப்பு. அதை உருவினால் பிடி தளரும். ஆப்பே வைக்காமல் விடுவது ஒரு தவறு. தலைகீழாகச் செருகுவது அதைவிட மோசம். மெல்லிய முனை மூக்குப் பக்கம், தடித்த முனை வெளியே. மாற்றி வைத்தால் இழுக்க இழுக்க இறுகும். நாலு விரல் அளவாவது வெளியே நீட்டிக்கொண்டிருக்கட்டும்.

ஓரத்தில் அடிக்கும் ஆணி ஆப்பிலும் இறங்கிவிடுவது அடிக்கடி நடக்கிறது. அது தெரியாமல் குறடு போட்டு இழுப்போம். முதலில் ஆணிகளை எடுங்கள்.

டர்பனில் ஜனவரி ஈரக்காற்றுக்கு ஆப்பு மரமும் ஊதிப் பெருத்துவிடும். ஆப்பை உப்புத்தாளால் தேய்த்து, மெழுகுவர்த்தியை மேலே நன்றாக உரசிவிட்டால் இந்தத் தொல்லை பாதி குறையும். சீக்கிரம் காயட்டும் என்று ஹீட்டர் பக்கத்தில் வைக்காதீர்கள். மேலே விறைத்து, உள்ளே ஈரம் தங்கி, முடி கொட்டும். நிழலும் ஃபேனும் போதும்.

இவ்வளவும் பார்த்தும் சிக்கிக்கொண்டதா? சுடுதண்ணீர் மட்டும் வேண்டாம். சுமார் 60 டிகிரியைத் தாண்டினால் பச்சைத்தோல் சுருண்டுவிடும். ஈரத்துணியால் தோலின் கீழ் ஓரத்தை ஒற்றி, அரைமணி நேரம் விடுங்கள். பிறகு பலகையை முழங்கால்களுக்கு இடையில் இடுக்கிக்கொண்டு, நீட்டிக்கொண்டிருக்கும் முனையை இடமும் வலமுமாக மெல்லத் தட்டுங்கள். மெல்லிய மூங்கில் பத்தையை நுழைப்பதானால் ஆப்புக்கும் பலகைக்கும் நடுவே நுழையுங்கள், தோல் பக்கம் அல்ல. அசைவு தெரிந்ததும் குறடால் நேராக இழுங்கள். முடி படிந்திருக்கும் திசையும் அதுதான் என்பதால் வழுக்கிக்கொண்டு வரும்.

ஆப்பு வந்த சந்தோஷத்தில் வாலைப் பிடித்து இழுத்துவிடாதீர்கள். இடுப்புப் பக்கம் இரண்டு கையாலும் பிடித்து உருவ வேண்டும். இல்லையென்றால் வால் மட்டும் கையோடு வரும்.