தருமபுரியில் ஏறி நாகர்கோவிலில் கண் விழிக்கலாம்: குறைந்த செலவில் ஒரு குளிர்காலப் பயணம்

அம்மாவுக்கு அறுபது வயது தாண்டும் வரை கடலைப் பார்த்ததில்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களிலும் இப்படி எத்தனையோ பேர் இருக்கிறார்கள். எங்கே போனாலும் பேருந்துதான். ராத்திரி முழுக்க உட்கார்ந்தே போனால் இடுப்பு வலி, அதனால் தூரத்து ஊர் என்றாலே வேண்டாம் என்று விட்டுவிடுகிறார்கள். நம் ஊர் வழியாகவே ஒரு ரயில் தினமும் மாலையில் குமரிப் பக்கம் போகிறது, படுத்துக்கொண்டே போகலாம், முந்நூறு முந்நூற்றைம்பது ரூபாய்தான் என்று அம்மாவுக்குச் சொன்னபோது நம்பவில்லை. போய்வந்த பிறகு தெருவில் நாலு பேர் விவரம் கேட்டார்கள். ரயிலில் முன்பதிவே செய்து பழகாதவர்களுக்காக, முதலிலிருந்து எழுதுகிறேன்.

அந்த ரயில் பெங்களூரு–நாகர்கோவில் எக்ஸ்பிரஸ். போக 17235, திரும்ப 17236. ஓசூர், தருமபுரி, சேலம், கரூர், திண்டுக்கல், மதுரை, திருநெல்வேலி வழியாகப் போகிறது. தருமபுரியில் இரவுச் சாப்பாட்டு நேரத்தில் ஏறினால் காலையில் நாகர்கோவில். அங்கிருந்து கன்னியாகுமரி சுமார் இருபது கிலோமீட்டர்.

படி 1: இடத்தை விட முக்கியம் தேதி

நான் முதலில் செய்த தவறு இதில்தான். டிசம்பர் கடைசியில் பள்ளி விடுமுறையைப் பார்த்துக் கிளம்பினோம். சபரிமலை சீசன் என்பது நினைவுக்கே வரவில்லை. கார்த்திகை முதல் தேதியிலிருந்து மகரவிளக்கு வரை ஐயப்ப பக்தர்கள் சபரிமலை போய்விட்டுக் குமரிக்கும் வருவார்கள். அறை வாடகை நான் நினைத்துப் போனதைப்போல இரண்டு மடங்கு. படகு வரிசையில் வெயிலில் நின்றே பாதி நாள் போய்விட்டது.

ஆகவே பொங்கல் கூட்டம் ஊர் திரும்பிய பிறகு போங்கள். தை மாதத்தின் பின்பாதி மிகச் சரியான காலம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும், வெயில் இன்னும் ஏறியிருக்காது. தைப்பூசத்தை ஒட்டிய இரண்டு மூன்று நாளையும், குடியரசு தினம் வார இறுதியோடு சேர்ந்து வந்தால் அதையும் தவிர்த்துவிடுங்கள்.

குளிர்காலத்தைச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இந்த மாதங்களில் சூரியன் தென்கிழக்கில் உதித்துத் தென்மேற்கில் மறைகிறது. குமரி முனையில் அந்த இரண்டு திசையிலும் கடல்தான். அதனால் கடலிலிருந்து எழும் சூரியனையும் கடலுக்குள் இறங்கும் சூரியனையும் ஒரே ஊரில், ஒரே நாளில் பார்க்கலாம். கோடையில் போனால் அஸ்தமனம் நிலத்துப் பக்கம் ஒதுங்கிவிடும்.

கிழமையைப் பொறுத்தவரை, வெள்ளி இரவு ஏறி, ஞாயிறு இரவு திரும்பும் ரயிலைப் பிடித்தால் திங்கள் விடியும்போது ஊரில் இருக்கலாம். இரண்டு இரவு ரயிலிலேயே கழிந்துவிடுவதால் அறை ஒரே ஓர் இரவுக்குப் போதும். செலவு குறைவதன் ரகசியம் இதுதான்.

படி 2: எங்கே ஏறுவது

தருமபுரிக்காரர்களுக்குக் கேள்வியே இல்லை. பாலக்கோடு, பென்னாகரம், அரூர் பக்கத்தில் இருப்பவர்களும் தருமபுரிக்கே வந்துவிடலாம்.

கிருஷ்ணகிரி நகரத்துக்கு ரயில் நிலையம் கிடையாது. பிரிட்டிஷ் காலத்தில் திருப்பத்தூரிலிருந்து ஒரு குறுகிய பாதை ரயில் வந்துகொண்டிருந்தது, பிறகு அதை எடுத்துவிட்டார்கள். அதனால் கிருஷ்ணகிரியிலிருந்து பேருந்தில் தருமபுரிக்கோ ஓசூருக்கோ போக வேண்டும். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே தூரம். நான் தருமபுரியைத்தான் சொல்வேன். ஓசூருக்குப் போனால் வடக்கே போய் ஏறி, மறுபடி தெற்கே வருவதாக ஆகிவிடும். தளி, தேன்கனிக்கோட்டைக்காரர்களுக்கு மட்டும் ஓசூர் வசதி.

முன்பதிவில் நிலையங்களுக்குச் சுருக்கக் குறியீடு உண்டு. தருமபுரிக்கு டி.பி.ஜே., நாகர்கோவில் சந்திப்புக்கு என்.சி.ஜே. இதைக் குறித்து வைத்துக்கொண்டால் தேடும்போது தடுமாற்றம் வராது.

படி 3: டிக்கெட் எடுப்பது

இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். மற்ற எல்லாவற்றையும் பிறகு சரிசெய்துகொள்ளலாம், டிக்கெட்டை மட்டும் முடியாது.

முன்பதிவு, பயண நாளைக் கணக்கில் சேர்க்காமல் 60 நாளுக்கு முன்னால், காலை 8 மணிக்குத் திறக்கும். முன்பு 120 நாளாக இருந்ததை 2024 நவம்பரிலிருந்து குறைத்துவிட்டார்கள். பிப்ரவரி 6 புறப்படுவதாக இருந்தால் டிசம்பர் 8 காலையில் எடுக்கலாம். பிப்ரவரி 8 திரும்பும் டிக்கெட் டிசம்பர் 10 அன்றுதான் திறக்கும். பலர் போகும் டிக்கெட்டை எடுத்த மகிழ்ச்சியில் இந்த இரண்டாவது தேதியை மறந்துவிடுவார்கள். கைப்பேசியில் இரண்டு நாளுக்கும் தனித்தனியாக அலாரம் வையுங்கள்.

ரயில் டிக்கெட் விற்கும் ஐ.ஆர்.சி.டி.சி. இணையதளத்தில் கணக்கு தொடங்கி, ஆதாரை இணைத்துவிடுங்கள். இதை ஒரு வாரம் முன்பே முடித்துவிட வேண்டும், ஏனென்றால் முன்பதிவு திறக்கும் நேரத்துக்கும் தட்கலுக்கும் (கடைசி நேர முன்பதிவு) ஆதார் சரிபார்த்த கணக்கு வேண்டும் என்று 2025 முதல் விதி வந்திருக்கிறது. ஸ்லீப்பர் (ஏ.சி. இல்லாத படுக்கை வகுப்பு) டிக்கெட்டுக்கு யுபிஐ மூலம் பணம் கட்டினால் சேவைக் கட்டணம் 10 ரூபாயும் வரியும். இணையம் பழக்கமில்லை என்றால் ரயில் நிலையக் கவுன்டரில் படிவம் நிரப்பிக் கொடுத்தும் வாங்கலாம்.

தேதியில் ஒரு பொறி இருக்கிறது. நள்ளிரவை ஒட்டி நம் ஊருக்கு வரும் ரயில்களில் கவனம். ரயில் வெள்ளிக்கிழமை மாலை வேறு ஊரில் புறப்பட்டிருக்கும். நம் நிலையத்துக்கு 12 மணிக்கு மேல் வந்தால் அது சனிக்கிழமைக் கணக்கு. ஒரு முறை நான் இதைக் கவனிக்காமல், இருபத்து நான்கு மணி நேரம் தாமதமாக நிலையத்தில் போய் நின்றேன். டிக்கெட் பணம் போனது. இந்த நாகர்கோவில் ரயிலில் அந்தச் சிக்கல் இல்லை. வேறு ரயில் எடுக்கிறவர்கள் இரண்டு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

தருமபுரியிலிருந்து தேடும்போது காத்திருப்புப் பட்டியல் காட்டினால் உடனே விட்டுவிடாதீர்கள். ரயில் புறப்படும் பெங்களூருவிலிருந்து நாகர்கோவிலுக்குத் தேடிப் பாருங்கள். சில நாட்களில், ரயில் புறப்படும் ஊருக்கென்று தனியாக வைத்திருக்கும் ஒதுக்கீட்டில் இடம் இருக்கும். அப்படி எடுத்தால், ஏறும் இடத்தைத் தருமபுரி என்று பதிவின்போதே மாற்றிவிடுங்கள். கட்டணம் கொஞ்சம் கூடும், படுக்கை உறுதி.

ஆர்.ஏ.சி. (உட்கார இடம் உறுதி, படுக்கை உறுதியில்லை) என்று வந்தால் ரயிலில் ஏறலாம். பக்கவாட்டுக் கீழ் இருக்கையை இன்னொருவரோடு பகிர்ந்து உட்கார வேண்டும், யாராவது வராவிட்டால் படுக்கை கிடைக்கும். இணையத்தில் எடுத்த டிக்கெட் கடைசி வரை காத்திருப்புப் பட்டியலிலேயே (வெயிட்டிங் லிஸ்ட்) இருந்தால் தானாக ரத்தாகிப் பணம் திரும்பிவிடும். அதை வைத்துக்கொண்டு ஸ்லீப்பர் பெட்டியில் ஏறக் கூடாது. ஸ்லீப்பர் தட்கல், ரயில் புறப்படும் நாளுக்கு முந்தைய நாள் காலை 11 மணிக்குத் திறக்கும். கட்டணம் அதிகம், கிடைப்பதும் உறுதியில்லை. அதை நம்பித் திட்டமிட வேண்டாம்.

படி 4: எந்த பெர்த்?

ஸ்லீப்பரில் எட்டெட்டுப் படுக்கையாக ஒரு தடுப்பு. உங்கள் எண்ணை எட்டால் வகுத்து மீதியைப் பாருங்கள். 1, 4 என்றால் கீழ். 2, 5 நடு. 3, 6 மேல். 7 பக்கவாட்டுக் கீழ் (சைடு லோயர்). மீதி இல்லை என்றால் பக்கவாட்டு மேல் (சைடு அப்பர்). 43-ஐ எட்டால் வகுத்தால் மீதி 3, அப்படியென்றால் மேல் பெர்த்.

நடு பெர்த்தை இரவு 10 முதல் காலை 6 வரைதான் விரித்து வைக்கலாம். அதற்கு முன் கீழே எல்லாரும் உட்கார்ந்திருப்பார்கள்.

45 வயது தாண்டிய பெண்களுக்கும் 60 தாண்டிய ஆண்களுக்கும் கீழ் பெர்த் ஒதுக்கீடு தனியாக இருக்கிறது. ஒரு டிக்கெட்டில் அப்படிப்பட்டவர்கள் மட்டும், இரண்டு பேர் வரை இருக்க வேண்டும். இளையவர் ஒருவரைச் சேர்த்தால் அந்த ஒதுக்கீடு கிடைக்காது. அம்மாவுக்குத் தனி டிக்கெட் எடுத்தேன், கீழ் பெர்த் கிடைத்தது. எனக்குப் பக்கத்துப் பெட்டி. அம்மாவின் பெட்டியில் இருந்த பயணி ஒருவரிடம் கேட்டதும் எனக்கு இடம் மாற்றிக்கொடுத்தார். பெரியவர்களுக்கு என்று கேட்டால் பெரும்பாலும் யாரும் மறுப்பதில்லை.

ஐந்து வயதுக்குக் கீழ் குழந்தைக்குத் தனிப் படுக்கை வேண்டாம் என்றால் டிக்கெட்டே தேவையில்லை. 5 முதல் 11 வயது வரை, படுக்கை வேண்டாம் என்றால் அரைக் கட்டணம். வேண்டும் என்றால் முழுக் கட்டணம்.

படி 5: பணக் கணக்கு

இரண்டு பேருக்கு நான் போட்ட மேல்வரம்பு இது. ரயில் போகவர 1,400. ஓர் இரவு அறை 1,000. உள்ளூர்ப் பேருந்து 300. படகு, நுழைவுக் கட்டணம் 500. சாப்பாடு 1,000. மொத்தம் 4,200. கையில் 5,000 வைத்துக்கொண்டால் அவசரத்துக்கு 800 மிச்சம். சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் பேருந்துச் செலவு இன்னும் குறையலாம்.

அறைக்கு, விவேகானந்த கேந்திராவின் விவேகானந்தபுரம் வளாகத்தை முதலில் பாருங்கள். அமைதியான இடம், குடும்பத்தோடு தங்க ஏற்றது. அங்கே கிடைக்காவிட்டால் நாகர்கோவிலில் தங்கலாம், ஆனால் சூர்யோதயத்துக்கு இருட்டிலேயே கிளம்ப வேண்டும். வயதானவர்களோடு போகிறவர்கள் குமரியிலேயே தங்குங்கள்.

படி 6: பையும் சாப்பாடும்

ஸ்லீப்பரில் போர்வை, தலையணை டிக்கெட்டோடு வராது என்று நினைத்தே கிளம்புங்கள். தருமபுரி தாண்டியதும் சிவாடி, முத்தம்பட்டி மலைக்காட்டுப் பக்கம் தை மாதக் காற்று ஜன்னல் இடுக்கில் ஊசியாய் இறங்கும். ஆளுக்கு ஒரு கம்பளி, பெரியவர்களுக்குக் காதை மூடும் குல்லா. காற்றடைக்கும் தலையணை இல்லாவிட்டால் துண்டைச் சுருட்டி வைத்தாலே போதும். குமரியில் இந்தக் கம்பளி தேவைப்படாது, அங்கே குளிர் இல்லை. ஆகவே கனமான ஸ்வெட்டர் ஒன்றுக்கு மேல் வேண்டாம். இரண்டாம் நாள் முழுக்கப் பையைச் சுமந்துகொண்டேதான் சுற்றுவீர்கள்.

இரவுக்கு மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லி. புளிசோறும் நல்லதுதான், ஆனால் ஆடும் பெட்டியில் இட்லிதான் சிந்தாமல் சாப்பிட முடிகிறது. தண்ணீர் வீட்டிலிருந்து. பையைப் பெர்த்துக்குக் கீழே வைத்துப் பூட்ட ஒரு சங்கிலி, கைப்பேசிக்குப் பவர் பேங்க், அசல் ஆதார் அட்டை.

படி 7: ஏறுவது

தருமபுரியில் ரயில் வெகு நேரம் நிற்காது. அரை மணி நேரம் முன்பே போய், உங்கள் எஸ்1, எஸ்2 பெட்டி நடைமேடையில் எந்த இடத்தில் நிற்கும் என்று கேட்டு அங்கேயே நில்லுங்கள். பெட்டி தவறிவிட்டாலும் பதற வேண்டாம், அருகில் இருக்கும் ஸ்லீப்பரில் ஏறி உள்ளேயே நடந்து போகலாம். ரயிலுக்குள் எந்தத் தொந்தரவு என்றாலும் 139-ஐ அழையுங்கள்.

காலையில் வள்ளியூர் வரும்போது எழுந்து, போகும் திசைக்கு வலப்புறம் உட்காருங்கள். மேற்குத் தொடர்ச்சி மலை கூடவே வரும். ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றாலைகள் வரிசையாகச் சுற்றும். அம்மா ஜன்னல் கம்பியை விட்டுக் கையை எடுக்கவே இல்லை.

படி 8: இரண்டு நாள்

சனிக்கிழமை: அறையில் குளித்துவிட்டு நேராகப் படகுத்துறை. காலை 8 மணிக்குப் படகு தொடங்கும். சீக்கிரம் போனால் வரிசை குறைவு. விவேகானந்தர் பாறை (1970-ல் திறந்தது) பார்த்துவிட்டு, 77 மீட்டர் நீளக் கண்ணாடிப் பாலம் வழியாக நடந்தே திருவள்ளுவர் சிலைக்குப் போகலாம். 2024 டிசம்பர் 30-ல் திறந்த பாலம் அது. சிலையின் உயரம், திருக்குறளின் 133 அதிகாரத்துக்கு 133 அடி. அதில் பீடம் 38 அடி, அறத்துப்பாலின் 38 அதிகாரங்களுக்காக. பிள்ளைகளைக் கூட்டிப்போனால் இதைச் சொல்லிக் காட்டுங்கள். மதியம் ஓய்வு. மாலை 6 மணிக்குள் கடற்கரையில் இருங்கள்.

ஞாயிறு: காலை 6.30-க்குள் கரையில் நில்லுங்கள். பிறகு அறையைக் காலி செய்துவிட்டு, நாகர்கோவில் போகும் வழியில் சுசீந்திரம் தாணுமாலயன் கோயில். அங்கிருந்து நாகர்கோவில் வடசேரி பேருந்து நிலையம், தக்கலை வழியாகப் பத்மநாபபுரம் அரண்மனை. தமிழ்நாட்டு மண்ணில் இருந்தாலும் கேரளத் தொல்லியல் துறை பராமரிப்பது. பெரும்பாலும் மரத்தாலேயே கட்டியது, தரை கண்ணாடி மாதிரி மின்னும். திங்கள் விடுமுறை, மதிய இடைவேளையும் உண்டு. இதற்கு மேல் ஓர் இடம் சேர்க்காதீர்கள். மாலை 6 மணிக்கு நாகர்கோவில் நிலையத்தில் இருந்தால்தான் நிம்மதியாகச் சாப்பிட்டு ஏற முடியும்.

திரும்பும் ரயில் தருமபுரிக்குப் பொழுது புலரும் நேரத்தில் வரும். தூங்கிவிட்டால் ஓசூரில்தான் இறங்க வேண்டியிருக்கும். டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்துக்கு முக்கால் மணி நேரம் முன்னால் அலாரம் வையுங்கள். ஓமலூர் தாண்டியதும் கம்பளியை மடித்து, செருப்பைத் தேடி எடுத்து, பெரியவர்களைக் கதவுப் பக்கம் கூட்டி வந்துவிடுங்கள். இறங்கியதும் நம் ஊர்க் குளிர் மறுபடி முகத்தில் அடிக்கும், அதனால் குல்லாவை மட்டும் பைக்குள் வைக்க வேண்டாம்.