வட்டார உறுப்பினர்களுக்குக் காணிப் பயன்பாட்டைக் கற்பிப்பது எப்படி: கொழும்பை முன்வைத்து ஒரு வழிகாட்டி

உள்ளூராட்சி மன்றங்களுக்குப் புதிதாகத் தெரிவாகும் உறுப்பினர்களுக்கான பயிற்சிகள் பெரும்பாலும் சட்டங்களின் பட்டியலோடு தொடங்குகின்றன. 1946 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க நகர, நாட்டுப்புறத் திட்டமிடல் கட்டளைச் சட்டம், 1978 ஆம் ஆண்டின் 41 ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டம் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனால், மதிய உணவுக்கு முன்பே பாதிப் பேரின் கவனம் கைபேசிக்குப் போய்விடும். சட்டம் தேவைதான், ஆனால் அதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். கொழும்பில் காணிப் பயன்பாட்டைக் கற்பிக்க முன்வருபவர் முதலில் காட்ட வேண்டியது, ஒரு வட்டாரத்தில் விழும் மழைநீர் எங்கே தேங்குகிறது, எந்த வழியாகக் கடலுக்கோ களனி கங்கைக்கோ போய்ச் சேருகிறது என்பதையே.

இந்த நகரத்தில் காணி பற்றிய முடிவு ஒவ்வொன்றும் நீர் பற்றிய முடிவாகவும் இருக்கிறது. 2010 நவம்பர் மழையில் பாராளுமன்ற வளாகமே வெள்ளத்தில் நின்றது. 2016 மே மாதம் களனி கங்கை பெருகியபோது கொலன்னாவைப் பகுதி மக்கள் வீடுகளை விட்டு வெளியேற நேர்ந்தது. தாழ்நிலங்களை நிரப்பிக் காணியாக்குவதற்கென்றே 1968 இல் சட்டமியற்றிச் சபை அமைத்த இதே கொழும்பு, 2018 இல், ஈரநிலங்களைப் பேணும் சர்வதேச உடன்படிக்கையான ராம்சாரின் ஈரநில நகரம் என்ற அங்கீகாரத்தைப் பெற்றது. அந்த ஐம்பது ஆண்டுகளில் சதுப்பு நிலத்தைப் பற்றிய எண்ணம் எவ்வளவு மாறியது என்பதைச் சொல்லிவிட்டால், மற்றவை எளிதில் விளங்கும்.

பயிற்சிக்கு ஒரே ஒரு வட்டாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளவத்தையோ மட்டக்குளியோ, கால்வாய் அல்லது ஆறு அருகில் இருப்பது நல்லது. நில அளவைத் திணைக்களத்தின் 1:10,000 வரைபடத்தை அடித்தளமாகக் கொண்டு, அந்த வட்டாரத்தை ஒரு மேசையளவுக்குப் பெருப்பித்து அச்சிட்டு, அதன்மேல் ட்ரேசிங் தாளை விரியுங்கள். கடந்த மழைகளில் நீர் நின்ற ஒழுங்கைகள், மூடப்பட்ட வடிகான்கள், கால்வாய் ஓரத்துக் குடியிருப்புகள் ஆகியவற்றை உறுப்பினர்களே நீல மையால் குறிக்க வேண்டும். கிராம உத்தியோகத்தரையும், நீண்டகாலமாக அங்கே வாழும் முதியவர்களையும், தரிப்பிடத்தில் நிற்கும் ஓட்டோ ஓட்டுநர்களையும் அழையுங்கள். எந்த ஒழுங்கையில் அரை மணி நேர மழைக்கே ஓட்டோ நின்றுவிடும் என்பது ஓட்டுநருக்குத் தெரிந்த அளவுக்கு அலுவலகக் கோப்புக்குத் தெரியாது. பிறகு கூகுள் ஏர்த்தில் அதே இடத்தின் பழைய படங்களைப் பார்த்து, முன்பு பச்சையாக இருந்து இன்று கூரையாகிவிட்ட இடங்களைச் சிவப்பால் குறியுங்கள். சிவப்பும் நீலமும் அடுத்தடுத்து வரும் இடங்களைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டியிருக்கும்.

அளவுத்திட்டத்தை இந்தக் கட்டத்திலேயே விளக்கிவிடுவது நல்லது. 1:10,000 வரைபடத்தில் ஒரு மில்லிமீற்றர் என்பது நிலத்தில் 10 மீற்றர். பேனாக் கோட்டின் தடிப்புக்குள் ஒரு சிறிய காணியின் முகப்பு முழுவதும் அடங்கிவிடும். ஆகவே எந்தப் பகுதியில் எவ்வகைக் கட்டடத்துக்கு இடமுண்டு என்று பிரித்துக் காட்டும் வலய வரைபடத்தைக் கைபேசியில் பெருப்பித்துக் காட்டி, “உங்கள் காணி வர்த்தக வலயத்துக்குள் வருகிறது” என்று எவரும் வாக்களிக்கக் கூடாது. தனிக் காணியின் எல்லைக்கு அனுமதி பெற்ற நில அளவையாளரின் வரைபடமே ஆதாரம்.

அடுத்த தாளில் நகர அபிவிருத்தி அதிகார சபையின் அபிவிருத்தித் திட்டத்தில் உள்ள வலயங்களை வரைந்து, முதல் தாளின்மேல் வையுங்கள். அடர்த்தி கூடிய கட்டடங்களுக்கு இடமளிக்கும் வலயம் நீல அடையாளங்களின்மேல் விழுகிறதா என்று பார்ப்பதே இப்பயிற்சியின் மையம். விழுந்தால், திட்டம் தவறு என்று உடனே முடிவு கட்ட வேண்டியதில்லை. வடிகால் கொள்ளளவு கணக்கிடப்பட்டதா என்று கேட்கத் தெரிந்தால் போதும்.

அந்தக் கேள்வி கேட்கும் துணிவு கணக்கிலிருந்து வருவதால், ஒரு காணியை வைத்து அனைவரையும் கையால் கணக்கிடச் செய்யுங்கள். ஒரு பேர்ச் என்பது ஏறக்குறைய 25.3 சதுர மீற்றர். 10 பேர்ச் காணி 253 சதுர மீற்றர். தளப்பரப்பு விகிதம், அதாவது காணியின் பரப்பைப் போல் எத்தனை மடங்கு தளம் கட்டலாம் என்பது, 2 எனக் கொண்டால், எல்லா மாடிகளும் சேர்ந்து 506 சதுர மீற்றர் வரை கட்டலாம். வீதியை அகலிப்பதற்காக ஒதுக்கிய வீதிக் கோட்டுக்குள் அகப்படும் பகுதியையும் கட்டடத்தைச் சுற்றி விடவேண்டிய வெளியையும் கழித்த பிறகு அது எத்தனை மாடியாகும் என்பதை அவர்களே வரைந்து பார்க்கட்டும். அதன்பின் மழைக்கு வாருங்கள். 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் அந்த 253 சதுர மீற்றரில் விழும் நீர் 25,300 லீற்றர். முற்றத்தில் மண் இருந்தால் அதில் ஒரு பங்கு நிலத்துக்குள் இறங்கும். வாகனம் நிறுத்துவதற்காகச் சீமெந்து போட்டு மூடினால் கிட்டத்தட்ட முழுவதும் ஒழுங்கை வடிகானுக்கு வரும். ஒரே ஒழுங்கையில் இப்படி 20 காணிகள் மூடப்பட்டால் ஐந்து லட்சம் லீற்றர். இந்த எண்ணைத் தாமே கண்டுபிடித்த உறுப்பினர், முற்றத்தைத் திறந்த மண்ணாக விடச் சொல்லும் ஒழுங்குவிதியை வெறும் கெடுபிடியாக இனிப் பார்க்கமாட்டார்.

கியூஜிஐஎஸ் போன்ற இலவச வரைபட மென்பொருளை இதற்குப் பிறகே அறிமுகப்படுத்துங்கள். தாளில் செய்த அதே அடுக்குகளைக் கணினியில் ஏற்றலாம், இடப்பெயர்களைத் தமிழிலும் சிங்களத்திலும் பொறிக்கலாம். ஆனால் எல்லாரும் அதை இயக்கப் பழக வேண்டுமென்பது வீண் ஆசை. வட்டாரத்துக்கு ஓர் இளைஞர் போதும்.

இப்போது சட்டத்துக்கும் நிறுவனங்களுக்கும் வரலாம். அபிவிருத்தி அனுமதிப் பத்திரத்தை வழங்குவது உறுப்பினரின் வேலையன்று. ஆனால் “ஐயா, ஒரு கடிதம் தாருங்கள்” என்று கேட்டு வருபவர்கள் அவரிடமே வருவார்கள். விண்ணப்பம் மாநகர சபையிடம் போகுமா, அதிகார சபையிடம் போகுமா, தாழ்நிலமானால் காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனத்தின் அனுமதி வேண்டுமா, கரையோரமானால் கரையோரம் பேணல் திணைக்களத்திடம் கேட்க வேண்டுமா என்று சரியான வாசலைக் காட்டத் தெரிவதே அவருக்கு வேண்டிய அறிவு. ஆவணங்களைத் தமிழில் கேட்கத் தயங்க வேண்டாம் என்பதையும் சொல்லிக்கொடுங்கள். வரைபடமோ முடிவோ கிடைக்காதபோது, 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் விண்ணப்பித்தால், தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தம் முடிவை அறிவிக்க வேண்டும்.

வரைந்த தாள்களை வட்டாரக் கோப்பாக வைத்து, புதிய அனுமதி ஒவ்வொன்றையும் திகதியுடன் அதில் குறித்துவருமாறு ஒருவரை நியமியுங்கள். கட்டடம் முடிந்து, அனுமதித்தபடியே கட்டப்பட்டது என்பதற்கான இணக்கச் சான்றிதழ் கோரப்படும் வேளையில், அனுமதித்த வரைபடத்தில் மண்ணாகக் காட்டிய முற்றம் மண்ணாகவே இருக்கிறதா என்று நேரில் சென்று பார்க்கும் பழக்கத்தை ஏற்படுத்துங்கள். வேறுபாடு கண்டால் எழுத்தில், திகதியிட்டு, மாநகர சபையின் உரிய பொறியியலாளருக்கு அனுப்பி, அதன் பிரதியைக் கோப்பில் சேர்க்க வேண்டும்.